அன்னம் ஏற்காத பிள்ளையும் பெரியோர் பொறுமையும்

குழந்தை முதன்முதலாகச் சோற்றை நாவில் ஏற்கும் நாளை நம் முன்னோர் ஒரு சம்ஸ்காரமாகவே வகுத்தனர். பதினாறு சம்ஸ்காரங்களுள் ஒன்றான அன்னப்பிராசனத்துக்கு ஆசுவலாயனர் முதலிய கிருஹ்ய சூத்திர ஆசிரியர்கள் ஆறாம் மாதத்தைக் குறித்தனர். ஆண் குழந்தைக்கு 6, 8 என இரட்டைப்படை மாதங்களிலும், பெண் குழந்தைக்கு 5, 7 என ஒற்றைப்படை மாதங்களிலும் செய்வது பின்னர் வழக்கில் நின்றது. இன்று உலக சுகாதார நிறுவனமும், 6 மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், அதன் பின் தாய்ப்பாலை நிறுத்தாமலே இணை உணவைத் தொடங்க வேண்டும் என்று கூறுகிறது. தாயின் வயிற்றில் இருந்தபோது குழந்தை சேர்த்துக்கொண்ட இரும்புச்சத்து ஏறக்குறைய அந்தப் பருவத்தில்தான் தீரத் தொடங்குகிறது. குழந்தையின் தலை நிற்பதும், பிடித்து உட்காரவைத்தால் உட்காருவதும், பெரியவர்கள் உண்பதைக் கண்டு வாயசைப்பதும் அப்போதுதான். முன்னோர் கண்ட காலமும் மருத்துவம் சொல்லும் காலமும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

ஆனால் சம்ஸ்காரம் ஒரு முகூர்த்தத்தில் முடிந்துவிடுகிறது. உண்ணப் பழகுதல் அப்படி முடிவதில்லை. குருவாயூரிலும் திருப்பதியிலும் குலதெய்வத்தின் சந்நிதியிலும் முதற்சோறு ஊட்டிவந்த பிள்ளை, வீடு திரும்பியபின் மாதக்கணக்கில் வாயை இறுக மூடிக்கொள்வதுண்டு. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் இக்காலத்தில் அந்த மூடிய வாயின்முன் கிண்ணத்தோடு அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் பாட்டிதான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு வீடு

கள்ளக்குறிச்சியில் அத்தகைய ஒரு வீடு. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, திருக்கோவலூரைத் தன்னகத்தே கொண்டது. உலகளந்த பெருமாள் ஓங்கி நிற்கும் தலம் அது. முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் நெருக்குண்டு நின்றபோது நான்காமவனாக எம்பெருமானும் வந்து நெருக்கிய தலம். அந்த வீட்டின் பேத்திக்கு ஏழாம் மாதத்தில் அங்கேதான் அன்னப்பிராசனம் நடந்தது. தாத்தா மடியில் இருத்தி, நெய்யும் பருப்பும் கலந்து குழைத்த அன்னத்தைத் தாய் விரல்நுனியால் எடுத்து வாயில் வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்து, நாவால் வெளியே தள்ளி, வீறிட்டு அழுதது. சுற்றி நின்றோர் சிரித்தார்கள். பாட்டிக்கு மட்டும் அது அபசகுனமோ என்று உள்ளூரக் கலக்கம்.

அபசகுனம் ஏதுமில்லை. பால் குடிக்கும் குழந்தையின் நா, முன்னால் வந்துபட்ட பொருளை வெளியே தள்ளுவது இயற்கை. உணவை உள்வாங்கிப் பின்னுக்கு நகர்த்தி விழுங்கும் வித்தையை அது புதிதாகக் கற்க வேண்டும். கட்டியான உணவு நாவின் பின்பகுதியில் பட்டதும் ஓங்கரிப்பதும் அந்தக் கல்வியின் ஒரு பகுதியே. ஒரு புதிய சுவையை எட்டு, பத்து முறை வேறுவேறு நாட்களில் கண்டபின்னரே பல குழந்தைகள் ஏற்கின்றன. இரண்டு முறை துப்பியதும் ‘இவளுக்கு இது பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

அந்த வீட்டிலும் அப்படியே நடந்தது. தாய் சங்கராபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. விடுப்பு முடிந்து அவள் பணிக்குத் திரும்பியபின் குழந்தை பகலெல்லாம் பாட்டியிடம். சோறு வேண்டாம் என்றால் பால், அழுதால் பால், தூங்கப் பால், தூக்கத்தில் சிணுங்கினாலும் பால். பல் முளைக்கட்டும் என்று சில மாதங்கள் காத்தார்கள். பல் முளைத்தபின்னும் நிலை மாறவில்லை. (பல் இல்லாத ஈறுகளே குழைந்த சோற்றையும் மசித்த கிழங்கையும் நன்றாக அரைக்கும், பல்லுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 10 மாதத்துக்குள் சற்றுக் கட்டியான உணவைப் பழகாத குழந்தைகளிடம் பின்னாளில் உணவுத் தொல்லை கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும் ஆய்வுகள் காட்டியதே.)

பதினான்காம் மாதத்தில் பாட்டியின் நாள் ஒரு போர்க்களம். கைப்பேசியில் படம் ஓடும். குழந்தை அதில் மயங்கி வாய் திறக்கும் கணத்தில் ஒரு கவளம் உள்ளே போகும். படம் நின்றால் வாயும் மூடும். ஒருநாள் பொறுமை இழந்து மூக்கைப் பிடித்து ஊட்டியதில் குழந்தைக்குப் புரையேறியது. அன்றுமுதல் கிண்ணத்தைக் கண்டாலே அது அலறத் தொடங்கியது. தேநீரில் தோய்த்த பிஸ்கட் ஒன்றுதான் அது மறுக்காமல் ஏற்ற திட உணவு.

“அக்கா, குழந்தைக்குத் தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு. தொக்கம் எடுக்கிறவர் ஒருத்தர் இருக்கார், கூட்டிட்டுப் போங்க” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். பாட்டியும் அரைமனத்தோடு ஒப்புக்கொண்டாள்.

மண் தின்ற குழந்தை

அந்த வாரத்திலேயே வேறொன்று நிகழ்ந்தது. கொல்லையில் விளையாடிய குழந்தை மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. “கண்ணன் தின்னாத மண்ணா!” என்று தாத்தா சிரித்தார். மறுநாளும் தின்றது, அதற்கு மறுநாளும் சுவரின் காரையைச் சுரண்டித் தின்றது.

ஆயர்பாடியில் மண்ணை உண்ட வாயைத் திறந்து யசோதைக்கு அகில உலகையும் காட்டினான் கண்ணன். அது அவன் லீலை. நம் வீட்டுப் பிள்ளை நாள்தோறும் மண்ணையும் சுண்ணாம்பையும் தேடித் தின்றால் அதன் வாய்க்குள் காணவேண்டியது வேறு: வெளிறிய நாவும் ஈறும். இரும்புச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளிடம் இந்தப் பழக்கம் அடிக்கடி காணப்படுகிறது. யசோதை செய்த அந்தச் செயலை, அதாவது வாயைத் திறந்து பார்ப்பதை, ஒவ்வொரு பாட்டியும் செய்யலாம். கண்ணின் கீழிமையைச் சற்றே இறக்கி, உட்புறம் சிவப்பாக இருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

தடுப்பூசிக்கு நினைவூட்ட வந்த அங்கன்வாடிப் பணியாளர் அதைத்தான் செய்தார். குழந்தையை எடைபோட்டு அட்டையில் புள்ளி வைத்தார். கடந்த நான்கு மாதங்களாக எடைக்கோடு மேலே ஏறாமல் படுக்கையாகக் கிடந்தது. “பாட்டி, தொக்கமெல்லாம் வேண்டாம். நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. குழந்தை எத்தனை முறை பால் குடிக்கிறான்னு எழுதிக்கிட்டும் போங்க” என்றார்.

தாத்தா பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து, மூன்று நாட்கள் நேரமும் அளவும் எழுதினார். கூட்டிப் பார்த்தபோது நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் பால். அதில் இரண்டு புட்டி நள்ளிரவில்.

மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்ததும், “இவ்வளவு குடிச்சா பசி எங்கிருந்தும்மா வரும்?” என்றார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம். இந்த வயதில் 11-ஐ ஒட்டி இருக்கவேண்டியது. அவர் விளக்கிய சுழலை முதியோர் அனைவரும் அறிந்துகொள்வது நலம். பசும்பாலில் இரும்புச்சத்து மிக மிகக் குறைவு. பாலே உணவானால் இரத்தம் சோகையுறும். சோகையுற்ற குழந்தைக்குப் பசி மங்கும். பசி மங்கினால் சோற்றை மறுக்கும். மறுப்பதால் மேலும் பால் கிடைக்கும். தேநீரோ உணவில் உள்ள கொஞ்ச இரும்புச்சத்தையும் உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அந்தப் பேத்தி தனியாள் இல்லை.

மலையிலிருந்து வந்த சொல்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலமாய் எழுந்து நிற்பது கல்வராயன்மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது; வெள்ளிமலை அதன் வட்டத் தலைமையிடம். அங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிப்பவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்பவர்கள். அவர்களுள் ஒரு பெண் சாமை அரிசியும் தேனும் கொண்டுவந்து அந்தத் தெருவில் விற்பது வழக்கம்.

பேத்தியின் நாவில் தடவத் தேன் கேட்ட பாட்டி, தன் துயரத்தையும் அவளிடம் சொன்னாள். அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தபடி இப்படிச் சொன்னாளாம்: “நான் ஊட்ட மாட்டேம்மா. நாங்க சாப்பிட உக்காரும்போது எம்பிள்ளை முன்னாடியும் ஒரு வட்டில்ல கொஞ்சம் சோறு வெச்சிடுவேன். அது அள்ளும், எறியும், தலையில அப்பிக்கும். நான் என் சோத்தைப் பார்த்துத் தின்னுக்கிட்டிருப்பேன். ரெண்டு நாள் பார்க்கும், மூணாம் நாள் தின்னும்.”

இதே உண்மையை 1926-இல் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்னும் குழந்தை மருத்துவர் சோதித்துப் பார்த்தார். பால் மறக்கும் பருவத்திலிருந்த 15 குழந்தைகளுக்குமுன் நல்ல இயற்கை உணவுகளை வைத்தார்; பட்டியலில் இருந்தவை 34. செவிலியர் ‘இதை உண்’ என்று தூண்டவும் கூடாது, ‘அதை உண்ணாதே’ என்று தடுக்கவும் கூடாது. குழந்தைகள் கலந்து கலந்து உண்டு, நன்கு வளர்ந்தன. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: அந்த 34-இல் மிட்டாயும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. முன்னால் வைப்பது எது, எந்த நேரத்தில் என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை.

திருக்கோயிலில் நாள்தோறும் நாம் காண்பதும் இதுதானே! திருவமுதைப் பக்குவமாகச் சமைத்து, உரிய காலத்தில், தூய கலத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள். மணி ஒலிக்கிறது. திரை விழுகிறது. அதன்பின் அர்ச்சகர் செய்வது காத்திருத்தல் ஒன்றே. எம்பெருமான் எவ்வளவு அமுது செய்தான் என்று எவரும் அளந்து பார்ப்பதில்லை. குறைந்ததென்று கோபிப்பதும் இல்லை. மறுவேளை அதே அன்போடு மீண்டும் தளிகை எழுகிறது. குழந்தையும் தெய்வமும் ஒன்று என்று பேசுகின்ற நாம், தெய்வத்துக்குக் காட்டும் அந்தப் பொறுமையைக் குழந்தைக்கும் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

வீட்டில் நடந்த மாற்றம்

மருத்துவர் இரும்புச்சத்துச் சொட்டுமருந்து கொடுத்தார். பாலை நாளொன்றுக்கு அரை லிட்டருக்குள் குறைத்து, புட்டியை விட்டுக் கிண்ணத்தில் தரச் சொன்னார். இரவுப் பால் நின்றது. தேநீர் நின்றது. மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு சிறுதீனியும் என நேரம் வகுத்தார்கள். கைப்பேசி வேறு அறைக்குப் போனது. அரைமணி நேரத்துக்கு மேல் இலைமுன் இருத்துவதில்லை என்றும் முடிவாயிற்று. உண்டால் உண்ணட்டும், இல்லையெனில் முகம் சுளிக்காமல் எடுத்துவிட்டு அடுத்த வேளை பார்ப்பது.

சொல்வது எளிது. முதல் நான்கு நாட்கள் குழந்தை ஏறக்குறைய ஒன்றும் தொடவில்லை. இரவில் பால் கேட்டு அழுதபோது தாயும் அழுதாள். பாட்டி பூஜையறையில் அமர்ந்துகொண்டாள். ஐந்தாம் நாள் குழந்தை தாத்தாவின் இலையிலிருந்து ஒரு துண்டு வெந்த பூசணியை எடுத்துப் பிசைந்து பார்த்தது. ஒன்பதாம் நாள், பருப்பும் முருங்கைக்கீரையும் சேர்த்துக் குழைத்த சாமைச் சோற்றைத் தானே அள்ளி வாயில் வைத்தது. பாதி தரையில், பாதி தலையில். இரண்டு கவளம் வயிற்றில். பாட்டி ஒன்றும் பேசாமல் தன் சோற்றை உண்டுகொண்டிருந்தாளாம். அதுதான் அவள் வாழ்வில் செய்த கடினமான விரதம் என்று பின்னர் சொன்னாள்.

அற்புதம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. மூன்று மாதங்களில் எடைக்கோடு மெல்ல மேலேறியது; மண் தின்பது நின்றது; கன்னத்தில் சிவப்பு திரும்பியது. இட்லியை அக்குழந்தை இன்னும் ஏற்பதில்லை. அதற்கும் ஒருநாள் வரும்.

முதியோர் நினைவில் கொள்ள வேண்டியவை

தொக்கம் எடுத்தலைப் பற்றி முதலில். உண்ட பொருள் தொண்டையில் தங்கியிருந்தால் குழந்தைக்கு விழுங்குவதோ மூச்சுவிடுவதோ கடினமாகலாம். வாயில் குழாய் வைத்து உறிஞ்சுவதும், தொண்டைக்குள் விரல் விடுவதும் புண்ணையும் தொற்றையும் தரும். அதைவிட, உண்மையான காரணத்தைக் காண வேண்டிய நாட்கள் வீணாகும். திருஷ்டி கழிப்பதால் தீங்கில்லை. கழித்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கல்வராயன்மலைத் தேன் சிறந்ததுதான். ஆயினும் ஒரு வயது நிறையும்வரை எந்தத் தேனையும் நாவில் தடவலாகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் விதைகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

கஞ்சி நீர்த்திருந்தால் வயிறு நிறையும், உடல் நிறையாது. கரண்டியைச் சாய்த்தாலும் வழியாமல் நிற்கும் பதமே குழந்தைக்கு ஏற்றது. கள்ளக்குறிச்சி, சேலம் பகுதியில் மரவள்ளி விளைச்சல் மிகுதி. உடல்நலம் குன்றிய பிள்ளைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி தருவதும் வழக்கம். ஆனால் ஜவ்வரிசி ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. அதுவே அன்றாட உணவானால் புரதம் கிட்டாது. 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், தாய்ப்பால் மறந்து மாவுக்கஞ்சியே உண்ட குழந்தைகள் உடல் வீங்கி நலிவதைக் கண்டு உலகுக்கு எடுத்துரைத்தார். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் அந்நோயை நம் நாட்டுக் குழந்தைகளிடம் ஆராய்ந்தார். கஞ்சியோடு பருப்பும் கீரையும் ஒரு கரண்டி நெய்யும் சேர்ப்பது பெரிய செலவன்று. தானியங்களுள் சுண்ணாம்புச்சத்து மிகுந்தது கேழ்வரகு. ஊறவைத்து அரைத்து வடித்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் நம் பாட்டிகள் அறிந்த முதலுணவு. அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் மாட்டுக்குக் கரைத்து ஊற்றாமல் குழந்தைக்கே தாருங்கள்.

கோயிற் பிரசாதத்திலும் கவனம் வேண்டும். முழுக் கொண்டைக்கடலைச் சுண்டலும் கற்கண்டும் வேர்க்கடலையும் சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். சுண்டலை விரலால் நசுக்கித் தாருங்கள். சர்க்கரைப் பொங்கலில் முந்திரியை எடுத்துவிட்டு ஒரு விரல் தாருங்கள். பிரசாதத்தின் பெருமை அளவில் இல்லை.

எல்லா மறுப்பும் பொறுமையால் மட்டும் தீர்வதன்று. எடை ஏறாமலோ இறங்கியோ இருத்தல், விழுங்கும்போதெல்லாம் இருமுதல் அல்லது குரல் கரகரத்தல், அடிக்கடி வாந்தி, உடல் வெளிறுதல், உட்காருதல் நடத்தல் பேசுதல் ஆகியவை தாமதித்தல், ஒரே நிறம் அல்லது ஒரே பதமுள்ள உணவைத் தவிர எதையும் தொடாமை: இவற்றுள் ஒன்று கண்டாலும் நாளைக் கடத்தலாகாது. கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இப்போது அம்மாவட்டத்துக்கு வாய்த்திருக்கிறது. மலைமேல் உள்ளோருக்கு அந்தப் பயணம் நீண்டது. ஆதலால் ஊர் அங்கன்வாடியின் எடையட்டையே அவர்களுக்கு முதற்காவல்.

இன்னொன்று, வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும். குழந்தை உண்ணாததற்குத் தாயைக் குறைகூறாதீர்கள். ‘நாங்கள் ஐந்து பிள்ளை வளர்க்கவில்லையா’ என்ற ஒரு சொல், பணிமுடிந்து களைத்து வரும் பெண்ணின் கையிலிருக்கும் கரண்டியை நடுங்கச் செய்யும். நடுங்கும் கரண்டிக்குக் குழந்தை வாய் திறவாது.

காசியில் உலகநாதனே பிக்ஷாபாத்திரம் ஏந்தி அன்னபூரணியின் முன் நின்றான் என்பது நாம் வழிபடும் திருக்கோலம். அவள் கையில் அகப்பையும் உண்டு, அன்னக் கலமும் உண்டு. ஆயினும் பசித்து வந்து நின்றவனுக்கே அவள் இடுகிறாள். நம் வீட்டுச் சின்னஞ்சிறு நாதனும் பசியோடு வந்து பாத்திரம் நீட்டும் வேளையை, அன்னத்தைச் சூடாக வைத்துக்கொண்டு எதிர்நோக்கியிருக்கும் பொறுமையை அந்த அன்னை எல்லாப் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் அருள்வாளாக.